இலவசம்தானே!

மகள் வளர்ந்துவிட்டாள். அவள் படுத்திருந்த குழந்தைக் கட்டிலை இலவசமாகத் தருவதாக இணையத்தில் படம் போட்டேன். ஐந்தே நிமிடத்தில் 11 குறுஞ்செய்திகள். ஒரு வணக்கம்கூட இல்லை. “இன்னும் இருக்கா?”, “மெத்தையும் உண்டா?”, “வீட்டுக்குக் கொண்டுவந்து தருவீங்களா?”

முதலில் கேட்டவருக்கே கொடுத்தேன். அன்றிரவு ஒரு பெண் எழுதினார்: “அக்கா, அடுத்த மாதம் எங்களுக்குக் குழந்தை பிறக்கப்போகிறது. கட்டில் இன்னும் இருந்தால் என் கணவர் ஈசூனுக்கே வந்து எடுத்துக்கொள்வார்.” கொடுத்துவிட்டேன் என்று பதில் போட்டேன்.

மூன்றாம் நாள் அதே கட்டில் 80 வெள்ளிக்கு விற்பனைக்கு வந்திருந்தது! கட்டில் காலில் மகள் ஒட்டிய முயல் ஸ்டிக்கர்கூட அப்படியே இருந்தது.

கணவரிடம் பொரிந்து தள்ளினேன். அவர் பேசாமல் அலமாரியைத் திறந்து காட்டினார். சென்ற ஆண்டு நான் ஓடிப்போய் வாங்கிவந்த இலவச ரொட்டி இயந்திரம், பெட்டிகூடப் பிரிக்காமல். அன்று எனக்கு அடுத்து அதைக் கேட்டவர் யாரோ?

இந்த வாரம் அதைக் கொடுக்கப்போகிறேன். இம்முறை ஒரு நாள் பொறுத்து, எல்லாரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான்.

நீங்களும் ‘எனக்கு வேண்டும்’ என்று தட்டுமுன் வீட்டு அலமாரியை ஒருமுறை திறந்து பாருங்கள், நேயர்களே... மன்னிக்கவும், வாசகர்களே!