தலைநகரின் வாசலில் ஒரு மலைப்பாதை

மூன்று நாள் விடுமுறை சேர்ந்து வந்தால் போதும், தில்லியில் வாழும் நம்மில் பலர் சிம்லாவுக்கும் முசூரிக்கும் நைனிடாலுக்கும் புறப்பட்டுவிடுகிறோம். போவதற்கு ஒரு நாள், திரும்புவதற்கு ஒரு நாள். எஞ்சும் நாளிலும் பாதி வாகன நெரிசலில் கழிகிறது. இமயத்தின் பெருமையை எவரும் மறுப்பதற்கில்லை. எனினும், மலையைக் காண வடக்கே நெடுந்தொலைவு சென்றாக வேண்டும் என்று எண்ணுவது, நாம் குடியிருக்கும் நகரையே அறியாதிருப்பதாகும்.

குஜராத்தில் தொடங்கி ராஜஸ்தான், ஹரியானா வழியாக ஏறத்தாழ 700 கிலோமீட்டர் நீளும் ஆரவல்லித் தொடரின் வடமுனை தில்லிதான். இமயம் எழுவதற்கு மிகப் பன்னெடுங்காலம் முன்பே தோன்றிய மலை இது. காற்றும் மழையும் தேய்த்துத் தேய்த்து, இன்று குன்றுகளாக நிற்கிறது. தில்லி மக்கள் ‘ரிட்ஜ்’ என்று அழைப்பது இதனைத்தான். குடியரசுத் தலைவர் மாளிகை அமைந்துள்ள ரைசினா குன்றும் இதன் ஒரு பகுதியே.

முதன்முறை நடப்பவர்களுக்கு நாம் பரிந்துரைப்பது வடக்கு ரிட்ஜ். விசுவவித்யாலயா மெட்ரோ நிலையத்திலிருந்து எளிதில் சென்றடையலாம். 1828ஆம் ஆண்டில் எழுந்த கொடிமரக் கோபுரத்தில் நடையைத் தொடங்கினால், துக்ளக் காலத்துச் சௌபுர்ஜி மசூதி, பீர் காயிப், மீரட்டிலிருந்து பிரோஸ் ஷா கொண்டுவந்த அசோகர் தூண், 1857 எழுச்சியை நினைவூட்டும் அஜித்கர் ஆகியவற்றை ஒரே காலையில் கண்டுவிடலாம். வழியின் ஒரு பகுதி காடு, ஒரு பகுதி சாலை. ஏற்றம் மிகக் குறைவு, முதியவர்களும் நடக்கலாம். இன்னும் கரடுமுரடான நிலத்தை விரும்புவோருக்குத் தெற்கே சஞ்சய் வனமும் அசோலா–பட்டி சரணாலயமும் உள்ளன.

இந்தக் குன்றுகளை வெறும் பொழுதுபோக்கு இடமாகக் கருதுவது போதாது. பாலைவனப் புழுதிக் காற்றின் வேகத்தைத் தடுப்பவை இவை. பாறைப் பிளவுகளின் வழியே மழைநீரை நிலத்துக்குள் அனுப்புபவையும் இவையே. இவற்றில் 7,777 ஹெக்டேர் பரப்பு 1994ஆம் ஆண்டு அறிவிக்கையில் காப்புக் காட்டுக்கென இடம்பெற்றது. ஆயினும், காகிதத்தில் உள்ள காப்பு மட்டும் காட்டைக் காத்துவிடாது. ஆள் நடமாட்டமற்ற இடம், பார்ப்பவர் கண்ணுக்குக் காலிமனையாகவே தோன்றும். குப்பை கொட்டவும் ஆக்கிரமிக்கவும் துணிவு பிறக்கும். நாள்தோறும் நடப்பவர்கள் இருக்கும் காட்டில் ஒரு மரம் வெட்டப்பட்டாலும் கேள்வி எழும்.

கூட்டம் பெருகினால் காடு கெடாதா என்று கேட்கலாம். நியாயமான ஐயமே. நெகிழிப் பையுடன் வருவோரும், குரங்குகளுக்கு உணவிடுவோரும், ஒலிபெருக்கியை அலறவிடுவோரும் வராமலிருப்பதே காட்டுக்கு நல்லது. நாம் விரும்புவது சுற்றுலாக் கூட்டத்தை அன்று. காட்டை அறிந்து நடக்கும் அண்டை வீட்டாரை.

அறிந்து நடப்பவருக்கு இங்கே தமிழ்நாட்டுக்கும் உரிய பாடம் ஒன்று உண்டு. நம் கண்மாய்களை அடைத்துக்கொண்ட சீமைக் கருவேலம், ஆங்கிலேயர் ஆட்சியில் தில்லிக் குன்றுகளிலும் நடப்பட்டு, இந்நிலத்துக்குரிய மரங்களை ஒடுக்கிவிட்டது. அதனை அகற்றி, புரசு முதலிய மரங்களை மீட்கும் பணி சில இடங்களில் நடைபெறுகிறது. பட்டியில் கனிமம் தோண்டிய பள்ளங்கள், சுரங்கப் பணி நின்றபின், நீர் நிறைந்து நீல ஏரிகளாகியுள்ளன. கைவிடாமல் காத்தால் நிலம் தன்னைத்தானே தேற்றிக்கொள்ளும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

அக்டோபர் முதல் மார்ச் வரை நடைக்கு ஏற்ற காலம். பனிமூட்டமும் காற்று மாசும் மிகுந்த நாட்களைத் தவிர்க்கலாம். தனியே செல்லாதீர்கள், வெளிச்சம் இருக்கும்போதே திரும்பிவிடுங்கள். தண்ணீரும் உறுதியான காலணியும் போதும்.

முதலைக் கரைக்காமல் வட்டியில் வாழ்வதே நல்ல குடும்பத்தின் இலக்கணம் என்று வாடிக்கையாளர்களுக்கு நாம் சொல்வதுண்டு. தில்லியின் காற்றுக்கும் நீருக்கும் இக்குன்றுகளே முதல். அவற்றை நம் பிள்ளைகளுக்கு முழுமையாக ஒப்படைக்க வேண்டுமானால், முதலில் அவர்களை அங்கே அழைத்துச் செல்வோம்.