பெயரை மறைத்தால் உறவும் மறையும்

2021 ஏப்ரல் 30 அன்று ஆந்திரப் பிரதேச மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அமர ராஜா நிறுவனத்தின் இரண்டு மின்கலத் தொழிற்சாலைகளை மூடுமாறு ஆணையிட்டது. ஒன்று திருப்பதியை அடுத்த கரகம்பாடியில் இருக்கிறது. மற்றொன்று சித்தூருக்கு அருகில் நூனேகுண்ட்லபள்ளியில் இருக்கிறது. ஈய மாசு என்பது வாரியத்தின் குற்றச்சாட்டு. நிறுவனம் அதை மறுத்து உயர் நீதிமன்றத்தை நாடியது. மே மாதமே அந்த ஆணை இடைக்காலமாக நிறுத்திவைக்கப்பட்டது.

அன்று முதல் இவ்வட்டாரத்தில் இரண்டு விளக்கங்கள் உலவுகின்றன. நிறுவனத்தை நடத்தும் குடும்பத்தைச் சேர்ந்த கல்லா ஜெயதேவ் அப்போது தெலுங்கு தேசம் கட்சியின் மக்களவை உறுப்பினர், ஆட்சியிலிருந்தது ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸ். எனவே இது அரசியல் பழிவாங்கல் என்பது முதல் விளக்கம். 2020இல் அதே குழுமத்துக்கு ஒதுக்கப்பட்ட நிலத்தின் ஒரு பகுதியைத் திரும்பப் பெற அரசு ஆணையிட்டதை அதற்குச் சான்றாகக் காட்டுவர். ஆயிரக்கணக்கானோருக்கு வேலை தரும் ஆலை என்பதால் வாரியம் நெடுங்காலம் கண்டும் காணாமல் இருந்தது, ஆட்சி மாறிய பிறகே கண் திறந்தது என்பது இரண்டாவது விளக்கம்.

எதிரெதிர் நிலைகள்போல் தோன்றினும் இரண்டும் ஒரே வகைக் கூற்றுகள். வாரியம் தன் சுய அறிவின்படி நடக்கவில்லை என்றே இரண்டும் சொல்கின்றன. ஆளும் கட்சிக்கு வளைந்தது என்கிறது ஒன்று. ஆலைக்கு வளைந்தது என்கிறது மற்றது. எது உண்மை என்பதைக் கட்சி விசுவாசமோ சாதி அபிமானமோ தீர்மானிக்க இயலாது. தீர்மானிக்கக்கூடியது வாரியத்தின் கோப்பு மட்டுமே. எந்த ஆண்டில் யார் ஆய்வுக்குச் சென்றார், என்ன அளவு பதிவாயிற்று, அளவு மீறியபோது அறிவிப்பு அனுப்பப்பட்டதா, அனுப்பப்படவில்லையெனில் அதற்கு ஒப்பமிட்டவர் யார்? இவ்வினாக்களுக்குரிய விடைகள் அங்கேயே உள்ளன.

அக்கோப்பைத் திறக்கும் சாவி தகவல் பெறும் உரிமைச் சட்டம், 2005. அதன் 2(எஃப்) பிரிவு ‘தகவல்’ என்பதற்குத் தரும் வரையறை மிக அகன்றது. ஆணைகளும் அறிக்கைகளும் மட்டுமன்றி, மின்னஞ்சல்களும் அலுவல் குறிப்புகளும் நிபுணர் கருத்துகளும் அதில் அடங்கும். வேறொரு சட்டத்தின்கீழ் ஓர் அரசு அமைப்பு பெறத்தக்க தனியார் நிறுவனத் தகவலும் அடங்கும். தனியார் ஆலையிடம் குடிமகன் நேரே கேட்க முடியாததை, அந்த ஆலையிடம் கேட்டுப் பெறும் அதிகாரம் கொண்ட வாரியத்திடம் கேட்கலாம். தகவலைத் தர மறுத்தால், மறுப்பு நியாயமானது என்று மெய்ப்பிக்கும் சுமையும் 19(5) பிரிவின்படி அலுவலரையே சாரும்.

அதற்கும் முந்தைய ஒரு வாயில் இருப்பதைப் பலர் அறியார். 1974ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் 25(6) பிரிவு, இசைவாணைகளில் விதிக்கப்பட்ட நிபந்தனைகளுக்கு ஒரு பதிவேட்டை வாரியம் பேண வேண்டும் என்கிறது. கழிவுநீர் வெளியேற்றத்தால் பாதிக்கப்படுபவரோ அதில் அக்கறை உள்ளவரோ அப்பதிவேட்டைப் பார்வையிடலாம். தகவல் உரிமைச் சட்டத்துக்கு 31 ஆண்டுகள் மூத்த உரிமை இது.

அதே சட்டத்தின் 4ஆம் பிரிவு வாரியத்தின் உறுப்பினர்கள் யார் என்று வகுக்கிறது. வேளாண்மை, மீன்வளம், தொழில், வணிகம் ஆகியவற்றின் சார்பாக மூவர் வரை இடம்பெறலாம். மாநில அரசுக்குச் சொந்தமான நிறுவனங்களிலிருந்து இருவர் அமர்வர். ஆக, தொழில்துறை கொல்லைப்புறமாக நுழைந்தது அன்று. சட்டமே அதற்கு நாற்காலி இட்டிருக்கிறது. 6ஆம் பிரிவு யாரெல்லாம் உறுப்பினராகக் கூடாது என்று பட்டியலிடுகிறது. கழிவுநீர்ச் சுத்திகரிப்பு இயந்திரங்களைச் செய்தோ விற்றோ ஆதாயம் பெறுபவருக்கு அங்கே வெளிப்படையான தடை உண்டு. கழிவுநீரை வெளியேற்றும் ஆலையின் பங்குதாரருக்கு அத்தகைய தடை அப்பட்டியலில் இல்லை. மருந்து விற்பவர் வரக்கூடாது. நோயை உண்டாக்குபவர் வரலாம்.

எனவே, ‘வாரியத்தில் தொழில்துறையினர் இருக்கிறார்களா?’ என்பது பயனற்ற வினா. தம் துறை சார்ந்த எந்த முடிவு எடுக்கப்பட்டபோது அவர்கள் அறையில் இருந்தார்கள், எந்த முடிவின்போது விலகி நின்றார்கள் என்பதே பயனுள்ள வினா. கூட்ட நிகழ்ச்சிக்குறிப்பும் வருகைப் பதிவேடும் இல்லாமல் இதற்கு விடை கிடையாது.

வினாவின் இலக்கணம் இங்கே முக்கியம். 2011இல் மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியபடி, இச்சட்டம் இருக்கும் ஆவணத்தைத் தரச் சொல்கிறதே தவிர, இல்லாத விளக்கத்தை எழுதித் தரச் சொல்லவில்லை. ‘ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை?’ என்று கேட்டால் கைவிரித்துவிடலாம். ‘இன்ன நாள் முதல் இன்ன நாள் வரையிலான ஆய்வறிக்கைகளின் சான்றிட்ட நகல்’ என்று கேட்டால் அவ்வாறு தட்டிக்கழிப்பது கடினம். ‘ஏன்’ என்பதை ஆய்வாளரே கண்டறிய வேண்டும். விண்ணப்பத்தில் ‘எது’, ‘எப்போது’, ‘எவர்’ என்பவை மட்டும் இருந்தால் போதும்.

இம்மூன்றிலும் ‘எவர்’ என்பதுதான் உயிர்நாடி. 2012 மே மாதம் வெளியான, சுகாதாரத் துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழுவின் 59ஆவது அறிக்கை இதற்குச் சிறந்த சான்று. மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பை ஆராய்ந்த அக்குழு, புதிய மருந்துகளுக்கு ஆதரவாக வெவ்வேறு ஊர்களிலிருந்து நிபுணர்கள் எழுதிய கடிதங்களை அருகருகே வைத்துப் பார்த்தது. அவற்றுள் சில ஏறத்தாழச் சொல்லுக்குச் சொல் ஒன்றாக இருந்தன. கடிதத்தை எழுதியது மருந்து நிறுவனங்களின் மறைவான கை, நிபுணர் செய்தது ஒப்பமிடுதல் மட்டுமே என்ற முடிவுக்குக் குழு வந்தது. நிறுவனங்களும் சில அலுவலர்களும் சில மருத்துவ நிபுணர்களும் கூட்டாக இயங்கியதற்குப் போதிய ஆதாரம் உண்டு என்றும் பதிவு செய்தது. கையூட்டுப் பற்றுச்சீட்டு எதுவும் அங்கே தேவைப்படவில்லை. ஒரே வாக்கியம், இரண்டு பெயர்கள், இரண்டு ஊர்கள்: உறவு வெளிப்பட்டுவிட்டது. மொழி தந்த சான்று அது. ஆனால் பெயர்களைக் கருமை பூசி மறைத்திருந்தால், இரண்டு கடிதங்களும் ஒரே கடிதத்தின் இரு நகல்கள்போலத் தோன்றியிருக்கும்.

இவ்வகை ஆராய்ச்சிக்கு அயல்நாட்டிலும் எடுத்துக்காட்டு உண்டு. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையத்துக்கும் கோகோ கோலா நிறுவனத்துக்கும் இடையே நடந்த மின்னஞ்சல் போக்குவரத்தைத் தகவல் சுதந்திரச் சட்டத்தின் வழியே பெற்று, அதனை ஆராய்ந்த கட்டுரை 2019இல் மில்பேங்க் குவார்ட்டர்லி ஆய்விதழில் வெளிவந்தது. அங்கும் தரவு என்பது யார் யாருக்கு எழுதினார் என்பதே.

இந்தியாவில் இப்போது அந்த ‘எவர்’ மீதுதான் திரை விழுந்திருக்கிறது. தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவு முன்பு எச்சரிக்கையோடு எழுதப்பட்டிருந்தது. பொதுப் பணியோடு தொடர்பற்ற தனிப்பட்ட விவரத்தையோ, ஒருவரின் அந்தரங்கத்தில் நியாயமின்றித் தலையிடும் விவரத்தையோ மறுக்கலாம். பரந்த பொதுநலன் இருப்பின் தரலாம் என்று அது கூறியது. நாடாளுமன்றத்துக்கோ சட்டமன்றத்துக்கோ மறுக்க இயலாத தகவலைக் குடிமகனுக்கும் மறுக்கலாகாது என்ற வரியும் அதனோடு இணைந்திருந்தது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 44(3) பிரிவு இவை அனைத்தையும் நீக்கிவிட்டு, ‘தனிநபர் தகவல்’ என்றாலே விலக்கு என்று சுருக்கிவிட்டது. 2025 நவம்பரில் அது நடைமுறைக்கு வந்தது.

இழப்பின் அளவு இங்கே புரியும். 2012இல் நாடாளுமன்றக் குழு பார்த்த கடிதங்களைக் குடிமகனும் கேட்கலாம் என்று வாதிட, அந்த நீக்கப்பட்ட வரி இடம் தந்தது. இனி அலுவலர் ‘இது தனிநபர் தகவல்’ என்ற ஒற்றை வரியில் கோப்பை மூடிவிட முடியும். ஒழுங்குமுறை அமைப்புக்கும் தொழில்துறைக்கும் இடையிலான உறவு கட்டடங்களுக்கு இடையே உண்டாவது அன்று. ஆட்களுக்கு இடையே உண்டாவது. யார் ஓய்வுபெற்றபின் எங்கே பணியேற்றார், யார் எந்த ஆலோசனைக் கட்டணம் பெற்றார், யார் எந்தக் குழுவில் அமர்ந்தார் என்பவை எல்லாம் தனிநபர் தகவல்களே. பெயரை நீக்கிய கோப்பில் மாசு இருக்கும், ஆணை இருக்கும், உறவு மட்டும் இராது.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017இல் புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியதை மறுப்பதற்கில்லை. ஓர் அலுவலரின் மருத்துவ விடுப்புக் காரணமோ வீட்டு முகவரியோ ஊருக்குத் தெரிய வேண்டியதில்லை. தகவல் விண்ணப்பத்தை மிரட்டலுக்குப் பயன்படுத்துவோரும் உள்ளனர். ஆனால் பழைய பிரிவே இவற்றைக் காத்தது; பொதுப் பணிக்கும் தனி வாழ்வுக்கும் இடையே கோடு கிழித்தது. புதிய பிரிவு கோட்டை அழித்து இரண்டையும் ஒன்றாக்கியிருக்கிறது. பொதுநலன் மேலோங்கினால் தகவல் தரலாம் என்னும் 8(2) பிரிவு இன்னும் இருக்கிறதே என்பது அரசின் பதில். அது உண்மை. எனினும் அப்பிரிவு ‘தரலாம்’ என்றுதான் சொல்கிறது.

ஆகவே ஆய்வாளர்கள் செய்ய வேண்டியவை சில உள்ளன. விண்ணப்பத்திலேயே 8(2) பிரிவைச் சுட்டி, பொதுநலன் எது என்பதை ஆவணச் சான்றோடு எழுத வேண்டும். நம்பக உறவு, வணிக இரகசியம் என்ற பதில்கள் வரின், 2015 டிசம்பரில் ஜெயந்திலால் மிஸ்திரி வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியதை மேல்முறையீட்டில் எடுத்துரைக்க வேண்டும். வங்கிகளின் ஆய்வறிக்கைகளை நம்பக உறவின் பெயரால் மறைக்க முயன்ற ரிசர்வ் வங்கியின் வாதத்தை அத்தீர்ப்பு ஏற்கவில்லை. ஒழுங்குமுறை அமைப்பின் கடமை பொதுமக்களுக்கே என்றது. நபரின் பெயர் மறுக்கப்படும் இடத்தில் பதவிப் பெயரையும் தேதியையும் கேட்டுப் பெற்று, வெளியான அரசாணைகளோடு ஒப்பிடலாம்.

மொழித் தடையும் ஒன்றுண்டு. 6(1) பிரிவின்படி விண்ணப்பம் ஆங்கிலத்திலோ இந்தியிலோ அப்பகுதியின் அலுவல் மொழியிலோ இருக்க வேண்டும். நகரி, சத்தியவேடு, குப்பம் பகுதிகளில் வீட்டில் தமிழ் பேசுபவர் தெலுங்கிலோ ஆங்கிலத்திலோ எழுத வேண்டியவராகிறார். வாய்மொழியாகக் கேட்பதை எழுத்தாக்க உதவுவது பொதுத் தகவல் அலுவலரின் கடமை என்றாலும், இருமொழி அறிந்த மாணவர் ஒருவர் உடனிருந்தால் வினா கூர்மையாகும். நகரியாறு கொசஸ்தலையாற்றில் கலந்து பூண்டி நீர்த்தேக்கத்தை நோக்கிச் செல்கிறது. நீருக்கு மாநில எல்லை இல்லை; தகவல் கேட்கும் உரிமைக்கும் இல்லை. திருவள்ளூரில் இருப்பவரும் ஆந்திர வாரியத்தைக் கேட்கலாம்.

இறுதியாக, கல்விப்புலம் தன்னைப் பார்வையாளராகக் கருதிக்கொள்ள இயலாது. நிபுணர் குழுக்களில் அமர்பவர்கள் பேராசிரியர்கள். ஆலைகளுக்கு ஆலோசனை தருபவையும் பல்கலைக்கழகத் துறைகள். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் அறிவியல் குழுக்களில் ‘சுயேச்சையான அறிவியல் நிபுணர்கள்’ இருக்க வேண்டும் என்று சட்டம் கூற, அங்கே உணவு, குளிர்பான நிறுவனங்களைச் சேர்ந்தோர் இருந்ததால் அக்குழுக்களை மாற்றியமைக்குமாறு 2011 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் பணிக்க நேர்ந்தது. திருப்பதியில் ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகமும் ஐ.ஐ.டி.யும் ஐசரும் உள்ளன. மூன்றும் பொதுப் பணத்தில் இயங்குபவை. தகவல் உரிமைச் சட்டத்துக்கு உட்பட்டவை. நாடெங்கும் இத்தகைய நிறுவனங்கள் தாம் ஏற்ற ஆலோசனைப் பணி, அதற்குப் பணம் தந்தவர், அப்பணியைச் செய்த ஆசிரியர் ஆகிய மூன்றையும் எவரும் கேட்காமலேயே 4ஆம் பிரிவின்படி தத்தம் இணையதளத்தில் வெளியிடலாம். வாரியத்தின் கோப்பில் பெயரைத் தேடும் ஆய்வாளருக்கு அந்தத் தேடலைத் தம் துறையின் கணக்கேட்டில் தொடங்கும் துணிவு வேண்டும். தன் பெயரை மறைக்காத கல்விப்புலமே பிறர் பெயரைக் கேட்கும் தகுதி உடையது.