விடாமுயற்சி தனிமனிதச் சரக்கல்ல

தெற்கு அந்தமானிலுள்ள பெரார்கஞ்ச், 1923 முதல் 1931 வரை தீவுகளை ஆண்ட ஆங்கிலேயத் தலைமை ஆணையர் பெராரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அதே வட்டத்தில் மண்ணார்காட் என்றும் ஓர் ஊர் உண்டு. 1921 மலபார் எழுச்சிக்காக நாடுகடத்தப்பட்ட மாப்பிள்ளை விவசாயிகள், காட்டைத் திருத்திக் குடியேறிய நிலத்துக்குத் தங்கள் சொந்த மண்ணின் பெயரைச் சூட்டினர். அந்தப் பெயரை வாழவைத்தது தனியொருவரின் உறுதியல்ல, ஒரு கூட்டத்தின் உறுதி.

இன்றோ 'தலைமைப் பண்பு' சந்தைச் சரக்காகிவிட்டது. விடாது முயல்பவர் தலைவராகிறார், தோற்றவர் போதிய அளவு முயலவில்லை என்று பெருநிறுவனப் பயிற்சி முகாம்கள் போதிக்கின்றன. பன்னிரண்டு மணி நேரம் உழைத்தும் உயராத ஒப்பந்தத் தொழிலாளியிடம் முயற்சியா குறைவு? சுரண்டலின் பழியை அதற்கு இரையானவர் தலையிலேயே சுமத்தும் தந்திரம் இது.

பெரார்கஞ்சுக்குத் தெற்கே, போர்ட் பிளேயரின் செல்லுலார் சிறை கற்றுத்தரும் பாடம் வேறு. வெளிச்சம், உண்ணத்தக்க உணவு, படிக்க நூல்கள் ஆகியவற்றைக் கோரி 1933 மே 12 அன்று அரசியல் கைதிகள் உண்ணாநிலைப் போராட்டம் தொடங்கினர். பகத்சிங்கின் தோழர் மகாவீர் சிங், மோகன் கிஷோர் நமதாஸ், மோகித் மொய்த்ரா ஆகிய மூவரும் கட்டாய உணவூட்டலின் கொடுமையால் மாண்டனர். 46 நாட்களுக்குப் பின் நிர்வாகம் பணிந்தது.

வென்றெடுத்த நூல்களைக் கொண்டு அவர்கள் சிறையையே பள்ளியாக்கினர். தனிநபர் சாகசத்தால் மட்டும் ஏகாதிபத்தியத்தை வீழ்த்த இயலாது என்பதை நெடிய படிப்பும் விவாதமும் உணர்த்தின. 1935-இல் சிறைக்குள்ளேயே கம்யூனிஸ்ட் ஒருங்கிணைப்புக் குழு உருவாயிற்று. 1937 ஜூலையில் மீண்டும் உண்ணாநிலை. இம்முறை நாடே துணை நின்றது; 1938 தொடக்கத்திற்குள் அரசியல் கைதிகள் தாயகம் திரும்பினர்.

இலக்கைக் கைவிடாமல் வழியை மாற்றிக்கொண்டார்களே, அதுதான் விடாமுயற்சி. பதின்ம வயதில் சிறை புகுந்த ஹரேகிருஷ்ண கோனார் அந்தக் கூட்டுப் பள்ளியில்தான் உருவானார். சுமார் முப்பது ஆண்டுகளுக்குப் பின், 1967-இல் மேற்கு வங்க நிலச் சீர்திருத்த அமைச்சரானபோதும், மறைத்து வைக்கப்பட்ட பினாமி நிலங்களை மீட்கக் கோப்புகளை மட்டும் அவர் நம்பவில்லை. திரண்டெழுந்த விவசாயிகளையே நம்பினார்.

இந்த அளவுகோல் நமக்கும் பொருந்தும். பல ஆண்டுகள் ஒரே பொறுப்பில் நீடிப்பது விடாமுயற்சியாகாது. மக்கள் விலகிச் சென்ற பின்னும் பழைய முழக்கத்தையே திருப்பிச் சொல்வது உறுதியுமாகாது. அது வெறும் பிடிவாதம். தோற்ற வேலைநிறுத்தத்திற்கு மறுநாள் ஆலை வாயிலுக்குத் திரும்பச் செல்பவர், எங்கே பிசகியது என்று தொழிலாளரிடமே கேட்பவர், கிளைக் கூட்டத்தின் விமர்சனத்தை ஏற்றுத் திருத்திக்கொள்பவர், தமக்கு அடுத்த ஊழியரை வளர்ப்பவர்: இவர்களே தலைவர்களாக வளர்கிறார்கள்.

தலைமை தனிமனிதனின் பிறவிக் குணமன்று. போராட்டமும் படிப்பும் அமைப்பும் இடைவிடாது சேர்ந்தே அதை வார்த்தெடுக்கின்றன. அந்தப் பணியை நாள்தோறும் செய்வோம்.