எடை எழுதாத கேஸ் ஷீட்

மரக்காணம் உப்பளத்தில் உப்பு வாரும் பெரியம்மா ஒருவரை மூச்சிரைப்போடு அரசு மருத்துவமனை ஒன்றில் சேர்த்தோம். ஒன்பது நாள் படுக்கையில் இருந்தார். வீட்டுக்கு அனுப்பும்போது கேஸ் ஷீட்டைப் பார்த்தோம். காய்ச்சல், ரத்த அழுத்தம், சர்க்கரை எல்லாம் தேதிவாரியாக இருந்தன. எடைக்கான கட்டம் மட்டும் காலி. எடை மெஷின் வார்டு வாசலிலேயே கிடந்தது, தோழர்களே. வரும் வழியில் ஒரு மருந்துக்கடை மெஷினில் ஏற்றினோம். 33 கிலோ. உயரம் 150 செ.மீ. இரண்டு காலும் வீங்கியிருந்தன.

நர்ஸ் அக்காக்கள் மேல் பழி போட மாட்டோம். ஒருவர் எத்தனை கட்டிலுக்கு ஓடுகிறார் என்று நமக்குத் தெரியும். மேலிருந்து யாரும் கேட்காத கணக்கைக் கீழே யாரும் எழுத மாட்டார்கள். குழந்தைக்கு அங்கன்வாடியில் எடை பார்க்கிறார்கள், கர்ப்பிணிக்கும் பார்க்கிறார்கள். ஐம்பது வயது உப்பளக் கூலிக்கு? மழை இறங்கினால் பாத்தியில் வேலை இல்லை. அக்டோபர் முதல் டிசம்பர் வரைக்கு என்று அரசு தரும் 5,000 ரூபாய் நிவாரணமே அந்தப் பசியை ஒப்புக்கொள்வதுதான். ஆனால் அதே உடம்பு ஆஸ்பத்திரிக்குள் போனால் பசி அங்கே நோயாகப் பதிவாவதில்லை.

முடியாத காரியமும் இல்லை. 2022இல் தமிழ்நாடு தொடங்கிய காசநோய் இறப்பில்லா திட்டத்தில் நோய் உறுதியானதுமே மூன்று விஷயம் பார்க்கிறார்கள்: உயரத்துக்கேற்ற எடை, மூச்சு, பிடிமானம் இல்லாமல் நிற்க முடிகிறதா என்பது. பி.எம்.ஐ. 14 அல்லது அதற்குக் கீழ் என்றால் கடுமையான ஊட்டச்சத்துக் குறைவு. உடனே மருத்துவமனையில் சேர்க்க வேண்டிய கேஸ். கால் வீங்கியிருந்தால் 16-லேயே அப்படித்தான். வீக்கத்து நீரும் எடையில் ஏறிப் பொய் சொல்லுமே! நம் பெரியம்மாவின் கணக்கு 14.7; காலும் வீக்கம். காசநோயாளியாக இருந்திருந்தால் அந்தப் பட்டியலில் வந்திருப்பார். சளிப் பரிசோதனையில் காசநோய் இல்லை என்று வந்துவிட்டது. அதனால் எந்தப் பட்டியலிலும் அவர் இல்லை.

அமெரிக்க மருத்துவமனைகளுக்கு இதற்கென்றே ஒரு தர அளவீடு இருக்கிறது. சலித்துப் பார்த்தார்களா, முழுதாக மதிப்பிட்டார்களா, நோய் என்று எழுதினார்களா, உணவுத் திட்டம் போட்டார்களா என்று நான்கு படி. முதலில் 65 வயதைத் தாண்டியவர்களுக்கு இருந்ததை 2026 முதல் 18 வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் விரித்திருக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் திட்டம் எழுதியதற்கு மார்க் கிடைக்கிறது. நோயாளி சாப்பிட்டாரா, எடை ஏறியதா என்று கேள்வி இல்லை. ஜார்கண்டில் காசநோயாளிகளுக்கு உணவுப் பொருள் கொடுத்து நடத்திய ஆய்வு 2023இல் வெளிவந்தது. முதல் இரண்டு மாதத்தில் 5 சதவீதம் எடை ஏறியவர்களிடம் சாவின் ஆபத்து ஏறக்குறைய 60 சதவீதம் குறைவாக இருந்தது. ஏறும் எடைதான் உயிர்.

ஆகவே நாம் கேட்பது இது. வார்டில் சேரும் ஒவ்வொரு பெரியவருக்கும் சேரும் அன்று ஓர் எடை, வீடு திரும்பும் அன்று ஓர் எடை. நிற்க முடியாதவருக்குப் புஜத்தைச் சுற்றி ஒரு டேப் போதும். அந்தக் கணக்கைச் சமூகவாரியாகப் பிரித்து வெளியிட வேண்டும். ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாதி கேட்பதா என்று நமக்குள்ளேயே சண்டை வந்தது. பெயர் இல்லாமல் மொத்தக் கணக்காக வெளியிட்டால் போதும் என்று முடித்தோம். பசிக்கு எந்தத் தெரு என்று தெரியாமல் கஞ்சியை எங்கே கொண்டுபோவது?

திண்டிவனம், முண்டியம்பாக்கம் மருத்துவமனைகளில் போன வருடம் எத்தனை பெரியவர்களுக்கு எடை பதிவானது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் மனு எழுதிக்கொண்டிருக்கிறோம். உங்கள் ஊர் ஆஸ்பத்திரிக்கும் ஒன்று எழுதுங்கள்.