‘மௌனம் சம்மதம்’ என்று மகனுக்குச் சொல்லிக்கொடுத்தது யார்?

கல்லூரியில் சேரும் மகளுக்கு நம் வீடுகள் தரும் அறிவுரைப் பட்டியல் நீளமானது. எவனோடும் பேசாதே, போட்டோ போடாதே, இருட்டுவதற்குள் விடுதிக்குப் போய்விடு, குடும்ப மானத்தைக் காப்பாற்று. இதில் பாலியல் வன்முறை பற்றி ஒரு சொல்லும் கிடையாது. மகள் தாக்கப்படுவாளோ என்பதைவிட, மகள் ‘வேற சாதி’ப் பையனைக் காதலித்துவிடுவாளோ என்பதுதான் இந்தப் பட்டியலின் கவலை. பாதுகாப்பு என்று பெயர் வைத்துக்கொண்டு சாதிக்குக் காவல் காக்கிறோம்.

1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த ஆய்வுரையிலேயே அம்பேத்கர் இதைச் சொல்லிவிட்டார். சாதி நிற்பது அகமணத்தின் மேல். அகமணம் நிற்பது பெண்ணைக் கட்டுப்படுத்துவதன் மேல். உடன்கட்டையும் கைம்மையும் குழந்தை மணமும் அதற்கான கருவிகள். மகளின் செல்போனைச் சோதிப்பது அந்தக் கருவிகளின் இன்றைய வாரிசு.

2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டையில் சங்கர் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார். தலித் இளைஞரான அவரைக் கௌசல்யா தன் முழுச் சம்மதத்தோடு மணந்திருந்தார். மூன்று ஆண்டுகள் கழித்து, பக்கத்து ஊரான பொள்ளாச்சியில் ஒரு கும்பல் பெண்களை வன்கொடுமை செய்து, வீடியோ எடுத்து மிரட்டி வந்தது வெளியே தெரிந்தது. சம்மதத்தோடு நடந்ததற்கு அரிவாள். சம்மதமில்லாமல் நடந்ததற்கு, ‘இந்தப் பொண்ணு ஏன் அங்க போச்சு?’ என்ற கேள்வி. பெண்ணின் சம்மதத்துக்கு நம் ஊரில் இருக்கும் மதிப்பு இவ்வளவுதான்.

வெறும் வீடியோவை வைத்து ஒருத்தியை மிரட்டிவிட முடியாது. வீட்டுக்குத் தெரிந்தால் படிப்பு நின்றுவிடும், அடுத்த முகூர்த்தத்திலேயே கல்யாணம் என்ற பயம் இருந்தால்தான் அந்த மிரட்டல் செல்லுபடியாகும். அந்தப் பயத்தை உண்டாக்கியது எந்தக் கும்பலும் இல்லை, வீடுதான். ஆய்வு மாணவியான என்னிடம் இளங்கலை மாணவிகள் தங்களுக்கு நேர்ந்த தொல்லைகளைச் சொல்வதுண்டு. பெரும்பாலும் எல்லாம் ஒரே வரியில் வந்து முடியும்: “வீட்டுக்கு மட்டும் தெரியக் கூடாதுக்கா.”

சரி, மகனிடம் என்ன பேசுகிறோம்? ஒன்றுமே பேசுவதில்லை. பெண் பார்க்கும் சடங்கில், ஊரே உட்கார்ந்திருக்க, தலைகுனிந்து நிற்கும் அக்காவைப் பார்த்து ‘மௌனம் சம்மதம்’ என்று பெரியவர்கள் சிரிப்பதை அவன் பார்த்து வளர்கிறான். அவனுக்குக் கிடைக்கும் முதல் பாடம் அது. ‘வேண்டாம்’ என்பவளைத் துரத்தித் துரத்தியே மனம் மாற்றலாம் என்று சினிமா மீதியைச் சொல்லிக்கொடுக்கிறது. சட்டம் இதற்கு நேரெதிராகப் பேசுகிறது. 2013 திருத்தத்தின்படி சம்மதம் என்பது ஐயத்துக்கு இடமின்றி, தானாக விரும்பித் தெரிவிப்பது. உடலால் எதிர்க்கவில்லை என்பதாலேயே சம்மதித்ததாகிவிடாது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 63ஆம் பிரிவும் இதையே சொல்கிறது. பயந்து உறைந்தவளின் மௌனமும், போதையில் இருப்பவளின் மௌனமும், மதிப்பெண் போடும் பேராசிரியரின் முன் நிற்பவளின் மௌனமும் ‘சரி’ ஆகாது. இதை மகனிடம் சொல்வதற்கு அப்பாக்களுக்கு என்ன கூச்சம்?

சாதியைத் தள்ளிவைத்துவிட்டு இதைப் பேசவே முடியாது. ராஜஸ்தானில் குழந்தை மணத்தைத் தடுக்கப் போன பன்வாரி தேவி 1992இல் கூட்டு வன்கொடுமைக்கு ஆளானார். 1995இல் கீழமை நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்டவர்களை வன்கொடுமைக் குற்றத்திலிருந்து விடுவித்தது. ஆதிக்க சாதி ஆண்கள் அவரைப் போன்ற ஒரு பெண்ணைத் தொட்டிருக்க மாட்டார்கள் என்பதும் அங்கே ஒரு வாதமாக எடுபட்டது. அவருக்கு நேர்ந்த கொடுமையை முன்வைத்து நடந்த வழக்கில்தான் 1997இல் விசாகா தீர்ப்பு வந்தது, பிறகு 2013 சட்டம். இன்று உங்கள் மகளின் கல்லூரியில் உள்ளகப் புகார்க் குழு இருக்கிறதென்றால், அதற்கு அவருக்கு நன்றி சொல்லுங்கள். முதல் தலைமுறையாகப் படிக்க வந்த தலித் மாணவிக்கோ அந்தக் குழுவின் கதவைத் தட்டுவதே பெரும்பாடு. ‘கோட்டாவில் வந்தவள்’ என்ற ஏளனத்தைத் தாண்டி அவள் பேச வேண்டும். அவளுக்கு வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் துணைக்கு இருக்கிறது என்பது அவள் வீட்டுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

மகள் வந்து சொன்னால் பெற்றோர் செய்ய வேண்டியவை அதிகமில்லை. முதலில் நம்புங்கள். ‘ஏன் போனாய்?’ என்று கேட்காதீர்கள். புகார் கொடுப்பதா வேண்டாமா என்ற முடிவு அவளுடையது. அவளுக்குத் தெரியாமல் சாதிப் பெரியவர்களை வைத்துச் சமரசம் பேசாதீர்கள். அரசு மருத்துவமனையோ தனியார் மருத்துவமனையோ, இலவசமாகச் சிகிச்சை தந்தே ஆக வேண்டும். அன்று உடுத்தியிருந்த துணியைத் துவைக்காமல் எடுத்துவையுங்கள். சம்பவம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் ஜீரோ எஃப்.ஐ.ஆர். பதியலாம். கல்லூரிக் குழுவில் மூன்று மாதங்களுக்குள் புகார் தர வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் மேலும் மூன்று மாதங்கள் வரை ஏற்கலாம். அவள் யாரென்று வெளியிடுவது தண்டனைக்குரிய குற்றம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, படிப்பை நிறுத்தாதீர்கள். 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக மாணவி தாக்கப்பட்டு, அவர் விவரங்களோடு எஃப்.ஐ.ஆர். வெளியே கசிந்தபோது, சென்னை உயர் நீதிமன்றம் 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு வழங்கச் சொன்னது. கட்டணம் வாங்காமல் அவரைப் படிக்கவைக்கவும் உத்தரவிட்டது. ஐந்தே மாதங்களில் குற்றவாளி என்ற தீர்ப்பும் வந்தது. அந்த மாணவி துணிந்து புகார் கொடுத்ததால் நடந்தது இது. பொள்ளாச்சி வழக்கில் 2025 மே மாதம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை சிறை கிடைத்ததும் பெண்கள் நீதிமன்றத்தில் வந்து நின்று பேசியதால்தான்.

மகளைக் கல்லூரியிலிருந்து கூட்டிவந்து வீட்டில் உட்காரவைப்பது அவளுக்குத் தரும் இரண்டாவது தண்டனை. செய்தவன் தேர்வு எழுதிக்கொண்டிருப்பான். மானம் என்று ஒன்று இருந்தால், அதைத் தொலைத்தவன் அவன்தான். அவன் வீட்டுக் கதவைத் தட்டிக் கேளுங்கள்.