அரண்மனைக்குச் செங்கல் சுமந்தவர்கள்

குள்ளஞ்சாவடியிலிருந்து வடலூர், சேத்தியாத்தோப்பு, மீன்சுருட்டி வழியாகப் போனால் கங்கைகொண்டசோழபுரம் வந்துவிடும். நம் பக்கத்துப் பள்ளிகளில் சுற்றுலா என்றால் பெரும்பாலும் இந்த ஊர்தான். எல்லோரும் கோயிலைப் பார்ப்பார்கள், நந்தி பக்கத்தில் நின்று போட்டோ எடுப்பார்கள், புல்தரையில் உட்கார்ந்து புளிசாதம் சாப்பிடுவார்கள், திரும்பிவிடுவார்கள். அங்கிருந்து சுமார் இரண்டு கிலோமீட்டரில் மாளிகைமேடு என்று ஓர் இடம் இருக்கிறது. அதைப் பார்க்கப் போகிறவர்கள் மிகக் குறைவு. போனாலும் "இவ்வளவுதானா?" என்று கேட்டுவிட்டு வந்துவிடுவார்கள். தகரக் கூரைக்குக் கீழே பள்ளமும், பள்ளத்துக்குள் செங்கல் சுவரும்தான் இருக்கின்றன.

ஆனால் அதுதான் ராஜேந்திர சோழனின் அரண்மனை. 1025-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தலைநகரைத் தஞ்சாவூரிலிருந்து இங்கே மாற்றினான். அதன் பிறகு 1279 வரை, அதாவது சுமார் 250 ஆண்டுகள், சோழர்களின் தலைநகரம் இதுதான். சோழகேரளன் திருமாளிகை என்று கல்வெட்டில் பெயர்கூட இருக்கிறது. 1980-களில் தமிழ்நாடு தொல்லியல் துறை இங்கே தோண்டிப் பார்த்தது. 2021-லிருந்து மறுபடியும் தோண்டினார்கள். செங்கல் சுவர்கள், மரத்தூண்களை நிறுத்துவதற்கான கருங்கல் அடிப்பகுதிகள், கூரை ஓடுகள், இரும்பு ஆணிகள், சீனத்துப் பீங்கான் துண்டுகள் எல்லாம் கிடைத்தன.

கோயில் நிற்கிறது, அரண்மனை ஏன் நிற்கவில்லை? ஒரு காரணம் எளிது. கோயிலைக் கருங்கல்லில் கட்டினார்கள். அரண்மனையைச் செங்கல்லிலும் மரத்திலும் கட்டினார்கள். மரம் மக்கிப் போகும். செங்கல் அடுத்தவர் வீட்டுக்குப் போகும். பாண்டியர்கள் சோழர்களை வீழ்த்திய பிறகு ஊர் தேய்ந்தது. இடிந்து கிடந்த செங்கல்லைச் சுற்று வட்டார மக்கள் எடுத்து வீடு கட்டிக்கொண்டார்கள். அதைத் தப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வெள்ளைக்காரன் மட்டும் சும்மா இருந்தானா? 1836-ல் கொள்ளிடத்தில் கீழணை கட்டும்போது இந்தக் கோயிலின் மதில் கல்லையே பெயர்த்துக் கொண்டுபோனான்.

சரி, விஷயத்துக்கு வருவோம். இந்த அரண்மனையைக் கட்டியது யார்? "ராஜேந்திர சோழன்" என்று பரீட்சையில் எழுதினால் ஒரு மார்க் கிடைக்கும். ஆனால் ராஜேந்திரன் ஒரு செங்கல்லாவது தூக்கியிருப்பானா?

இந்தக் கேள்வியை நேராகக் கேட்ட ஒரு பழைய நூல் இருக்கிறது. அது பைபிள். சாலொமோன் ராஜா எருசலேமில் அரண்மனை கட்டிய கதையை நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். மத நூலாக இல்லாமல் ஒரு கணக்குப் புத்தகமாக 1 இராஜாக்கள் புத்தகத்தைப் படித்துப் பாருங்கள், ஆச்சரியமாக இருக்கும். ஆலயம் கட்ட 7 வருஷம் ஆனது என்று ஓர் அதிகாரம் முடிகிறது. தன் அரண்மனையைக் கட்ட 13 வருஷம் ஆனது என்று அடுத்த அதிகாரம் ஆரம்பிக்கிறது. நடுவில் ஒரு வார்த்தை விமர்சனம் இல்லை. இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு எழுதியவர் நகர்ந்துவிடுகிறார். மிச்சத்தை நாமே புரிந்துகொள்ள வேண்டியதுதான்.

அந்த அரண்மனையில் லீபனோன் வனம் என்ற ஒரு மாளிகை. நீளம் 100 முழம், அகலம் 50 முழம், உயரம் 30 முழம். உள்ளே வரிசை வரிசையாகக் கேதுருமரத் தூண்கள். மரம் வந்தது தீரு நாட்டு ராஜா ஈராமிடமிருந்து. அதற்கு விலையாக வருஷா வருஷம் கோதுமையும் எண்ணெயும் போனது. கடைசியில் கலிலேயா நாட்டில் 20 ஊர்களையே ஈராமுக்குக் கொடுத்தார் சாலொமோன். ஊரைக் கொடுத்தார் என்றால் ஊரில் இருந்த ஜனங்களையும் சேர்த்துத்தானே?

வேலையாட்கள் கணக்கும் அதே புத்தகத்தில் இருக்கிறது. லீபனோனுக்குப் போக 30,000 பேர். மாதம் 10,000 பேர் என்று முறை வைத்து, ஒரு மாதம் மலையில், இரண்டு மாதம் வீட்டில். இதுபோக சுமை சுமக்க 70,000 பேர், மலையில் கல் வெட்ட 80,000 பேர். இந்த எண்களை அப்படியே நம்ப வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பழைய காலத்து எண்கள் பெருகும் தன்மை உள்ளவை. சாலொமோனின் அரண்மனை இதுதான் என்று உறுதியாகச் சொல்லும்படி எருசலேமில் இதுவரை எதுவும் தோண்டி எடுக்கப்படவும் இல்லை. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. ராஜாவின் பெருமையைச் சொல்லும் புத்தகத்திலேயே சுமை தூக்கியவனும் ஒரு வரியாக வந்துவிட்டான்.

வந்ததோடு நிற்கவில்லை. சாலொமோன் இறந்ததும் ஜனங்கள் அவர் மகன் ரெகொபெயாமிடம் போய், "உங்க அப்பா வைத்த பாரத்தைக் கொஞ்சம் குறையுங்கள்" என்று கேட்கிறார்கள். அவன் இன்னும் கூட்டுவேன் என்கிறான். கட்டாய வேலைக்கு அதிகாரியாக இருந்த அதோராமை ஜனங்கள் கல்லெறிந்து கொன்றார்கள். ராஜ்ஜியம் இரண்டாக உடைந்தது. பிற்காலத்தில் யோயாக்கீம் என்ற ராஜா கூலி கொடுக்காமல் மாளிகை கட்டியபோது, எரேமியா என்ற தீர்க்கதரிசி அதை அநியாயம் என்று பகிரங்கமாகக் கண்டித்தார். அரண்மனையின் அழகை அளக்க முழக்கோல் போதாது, கூலிக் கணக்கும் வேண்டும் என்ற எண்ணம் அந்த ஊரில் அப்போதே இருந்திருக்கிறது.

இப்போது நம் கதைக்குத் திரும்புவோம். சோழர்கள் எதையும் எழுதி வைக்காதவர்களா? இல்லவே இல்லை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் தலைமைத் தச்சன் குஞ்சரமல்லன் ராஜராஜப் பெருந்தச்சன் பெயர் இருக்கிறது. ஆடல்மகளிர் 400 பேரின் பெயர், எந்தத் தெரு, எத்தனையாவது வீடு என்பதுவரை இருக்கிறது. ஒரு விளக்குக்கு எத்தனை ஆடு விட்டார்கள் என்று ஊர் ஊராகக் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். கோயிலுக்கு இவ்வளவு கணக்கு. அரண்மனைக்கோ, மண் குழைத்தவன், சூளை வைத்தவன், செங்கல் சுமந்தவள் இவர்களில் யாருடைய பெயரும் நமக்கு வந்து சேரவில்லை.

ஆனால் தடயம் இல்லாமல் இல்லை. சோழர் கல்வெட்டுகளில் 'வெட்டி' என்று ஒரு சொல் அடிக்கடி வரும். அரசுக்கோ ஊருக்கோ கூலியில்லாமல் செய்ய வேண்டிய வேலை அது. இன்றைக்கு நாம் "வெட்டி வேலை" என்று சிரித்துக்கொண்டே சொல்கிறோமே, அந்தச் சொல்லுக்குப் பின்னால் இப்படி ஒரு வரலாறு இருக்கிறது. அதேபோல் 'வேளம்' என்று ஒன்று. அரண்மனைப் பணிப்பெண்கள் தங்கியிருந்த குடியிருப்பு. தஞ்சாவூரிலும் கங்கைகொண்டசோழபுரத்திலும் வேளங்கள் இருந்தன. போரில் பிடித்துவரப்பட்ட பெண்களும் அவற்றில் இருந்தார்கள் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். கங்கை கொண்டான், கடாரம் கொண்டான் என்று நாம் பெருமையாகச் சொல்லும் 'கொண்டான்' என்ற சொல்லில் இந்தப் பெண்களும் அடக்கம்.

"அந்தக் காலத்தை இந்தக் கால அளவுகோலால் அளக்கலாமா? எல்லா ராஜாக்களும் அப்படித்தானே?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ராஜேந்திரனை நான் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவில்லை. சோழகங்கம் என்ற பெரிய ஏரியை வெட்டியவன் அவன். அது பொன்னேரி என்ற பெயரில் இன்றும் அங்கே இருக்கிறது. ஆனால் எருசலேமில் அந்தப் பழைய காலத்திலேயே இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறார்களே! அப்படியென்றால் இது இந்தக் காலத்து அளவுகோல் இல்லை. முதுகு வலித்தவன் எல்லாக் காலத்திலும் கேட்ட கேள்வி.

இதை ஏன் இப்போது சொல்கிறேன் என்றால், 2025 ஜூலையில் கங்கைகொண்டசோழபுரத்தில் நடந்த ஆடித் திருவாதிரை விழாவுக்குப் பிரதமர் வந்தார். ராஜேந்திரன் பெயரில் நாணயம் வெளியிட்டார். ராஜராஜனுக்கும் ராஜேந்திரனுக்கும் பெரிய சிலைகள் வைக்கப்படும் என்று அறிவித்தார். மாநில அரசும் அங்கே அருங்காட்சியகம் அமைப்பதாக அறிவித்திருக்கிறது. சிலை வரட்டும், அருங்காட்சியகமும் வரட்டும். ஆனால் அந்த அருங்காட்சியகத்தில் ஒரு அறை, வேண்டாம், ஒரு சுவராவது வெட்டி என்றால் என்ன, வேளம் என்றால் என்ன, ஒரு செங்கல் எப்படிச் செய்யப்பட்டது என்று சொல்ல வேண்டும். மாளிகைமேட்டில் கிடைத்த ஒரு செங்கல்லைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டாமல் பிள்ளைகள் கையில் தூக்கிப் பார்க்க விட வேண்டும். அதன் கனம் தெரிந்தால் பாதி வரலாறு புரிந்துவிடும்.

இந்த விஷயம் மற்ற ஊர்க்காரர்களைவிட நமக்குச் சீக்கிரம் புரிய வேண்டும். நம் பக்கத்திலேயே நெய்வேலி இருக்கிறது. 1956-ல் நிறுவனம் தொடங்கியது, 1957-ல் சுரங்க வேலையை நேரு தொடங்கிவைத்தார் என்று எல்லோரும் சொல்வோம். பழுப்பு நிலக்கரிக்காகக் காலி செய்யப்பட்ட ஊர்களின் பெயர்களில் ஐந்தைச் சொல்லுங்கள் என்றால் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? அது நடந்து ஆயிரம் வருஷம்கூட ஆகவில்லை, எழுபது வருஷம்தான் ஆகிறது. அந்த ஊர்களில் பிறந்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். கேட்டு எழுதி வைக்க இன்னும் நேரம் இருக்கிறது.