பளபளக்கும் புனலா, பரணில் கிடக்கும் பெட்டியா?

மஞ்சூரிலிருந்து ஊட்டிக்குச் சாமான் வாங்கப் போகிறார் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கடை வாசலில் பித்தளைப் புனல் வைத்த கிராமபோன் மின்னுகிறது. எட்டுப் பட்டைப் பெட்டி, அதன்மேல் நாய் படம். “துரை பங்களாவிலிருந்து வந்ததுங்க. நூறு வருஷத்துச் சாமான். பதினெட்டாயிரம்தான்” என்கிறார் கடைக்காரர்.

அதே ஆள் வீட்டுப் பரணில் தாத்தா விட்டுப்போன கறுப்புப் பெட்டி ஒன்று, சூட்கேஸ் மாதிரி, தூசி படிந்து கிடக்கிறது. அடுத்த வாரம் காயலாங்கடைக்குப் போக வேண்டியது.

இரண்டில் எது உண்மையான பழம்பொருள்? பெரும்பாலும் பரணில் இருப்பதுதான்.

பித்தளைப் புனல் கிராமபோன்களை நம் நாட்டுப் பட்டறைகளிலேயே புதிதாகச் செய்து விற்கிறார்கள். வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் அவற்றுக்கு ‘கிராப்போபோன்’ என்று பெயரே வைத்துவிட்டார்கள். அதன் அர்த்தத்தைக் குடும்பப் பத்திரிகையில் எழுத முடியாது! இதில் வருத்தமான சங்கதி ஒன்று உண்டு. இந்தப் போலிகளுக்குள் சுழலும் மோட்டார் பல நேரம் அசல்தான். உடைத்துப் போட்ட பழைய கறுப்புப் பெட்டியிலிருந்து கழற்றியது. தாத்தாவின் பெட்டியை எடைக்குப் போட்டால், அதன் மோட்டாரே புனல் வைத்துக்கொண்டு கடை வாசலுக்குத் திரும்பி வரலாம்.

போலியை அடையாளம் காண நிபுணர் வேண்டியதில்லை. திருகாணிகளைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். தலையில் கூட்டல் குறி போட்ட திருகாணி 1930களில்தான் சந்தைக்கு வந்தது. ‘1910ஆம் வருஷத்து மெஷின்’ என்று சொல்லும் பெட்டியில் அது இருந்தால் கதை முடிந்தது. புனலைத் தாங்கும் வளைவுக் குழாய் முரட்டுத்தனமாக இருக்கும். நாய் படம் மங்கலாக, ஒட்டுத்தாள் போல இருக்கும். பல அசல் மெஷின்களில் புனல் வண்ணம் பூசிய தகரம் அல்லது மரம். பித்தளையும் இருந்தது, ஆனால் முழுப் புனலும் சினிமா செட் போலத் தகதகத்தால் சந்தேகப்படுவது நல்லது.

கல்கத்தாவில் கௌஹர் ஜானின் குரலைப் பதிவு செய்த 1902இல் புனல் வெளியே நீட்டிக்கொண்டுதான் இருந்தது. 1906இல் அமெரிக்காவின் விக்டர் நிறுவனம் அதைப் பெட்டிக்குள் மறைத்தது. பிறகு கையில் தூக்கிப்போகும் பெட்டிகள் வந்தன. ஹெச்.எம்.வி. 101 வந்தது 1925இல். அதன் தம்பியான 102 வந்தது 1931இல். சாவி கொடுத்தால் போதும், பாடும். குந்தாவின் நீர்மின் நிலையங்கள் ஊருக்கெல்லாம் கரண்ட் கொடுப்பதற்கு முந்தைய காலத்துக்கு, மலைத் தோட்டங்களுக்கு ஏற்ற பெட்டி அது.

இனி விலை. பழசு என்பதற்காக மட்டும் யாரும் பணம் கொடுப்பதில்லை. எல்லாம் அசல் உதிரிகளா, ஓடுகிறதா என்பதே கணக்கு.

முதலில் சாவி கொடுக்க வேண்டும். எவ்வளவு சுற்றினாலும் இறுக்கமே வராவிட்டால் ஸ்பிரிங் அறுந்திருக்கலாம். பிறகு ஒரு ரிக்கார்டின் ஓரத்தில் துண்டுக் காகிதம் வைத்து, பாட விட்டு, ஒரு நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று எண்ண வேண்டும். எழுபத்தெட்டு வரவேண்டும். முழுச் சாவியில் பத்து அங்குல ரிக்கார்டின் ஒரு பக்கம், சுமார் மூன்று நிமிடம், குரல் இழுக்காமல் பாட வேண்டும். ஊசி மாட்டும் வட்டமான சவுண்ட் பாக்ஸ்தான் உயிர்நாடி. அதற்குள் பழையவற்றில் மைக்கா, பிந்தியவற்றில் அலுமினியத் தகடு இருக்கும். பாட்டு கரகரவென்று அதிர்ந்தால், உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் இறுகிப்போயிருக்கலாம். அதை மாற்றிவிடலாம். தகடே கிழிந்திருந்தால் செலவு வேறு.

இணையத்தில் போட்டிருக்கும் விலை, விற்பவரின் ஆசை. விற்றுப்போன விலைதான் கணக்கு. நல்ல நிலையில் உள்ள பெட்டி பத்தாயிரத்துக்குப் போகிறது என்று வைத்துக்கொண்டால், ஸ்பிரிங் மாற்ற மூவாயிரம், தொலைந்த சாவிக்கு ஆயிரம் என்று கழிக்க வேண்டும். மிச்சம் ஆறாயிரம். அதற்குமேல் கேட்டால் டீ குடித்துவிட்டுக் கிளம்பிவிடலாம்.

பணம் கொடுப்பதற்கு முன் அசலை ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுவது உத்தமம். கேரளாவில் கோட்டயம் மாவட்டத்துப் பிளாசனாலில் சன்னி மாத்யூ நடத்தும் கிராமபோன் அருங்காட்சியகம் அதற்குத் தோதான இடம்.

பெட்டியோடு ரிக்கார்டுகளும் வந்தால், குந்தா மாதிரி மூடுபனி ஊரில் அவற்றில் பூஞ்சை படிந்திருக்கும். ஸ்பிரிட் போட்டுத் துடைக்கவே கூடாது. அந்தக் கால ரிக்கார்டு அரக்கில் செய்தது, ஸ்பிரிட் அரக்கைக் கரைத்துவிடும். ஈரத் துணியால் லேசாகத் துடைத்து, நிழலில் உலர்த்தினால் போதும்.